மண் அமரும் காலம்

நுழையும்முன்
வீடு கட்டுவோர் சிமெண்டின் தரத்தை விசாரிக்கின்றனர். கம்பியின் கனத்தை அளந்து பார்க்கின்றனர். செங்கல்லைத் தட்டி ஓசை கேட்கின்றனர். இவை அனைத்தையும் சுமக்கப்போகும் மண்ணைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. சுமை ஏறிய மண் அன்றே முழுவதும் இறங்கிவிடுவதில்லை. சில மண்வகைகள் ஆண்டுக்கணக்கில் இறங்குகின்றன. அந்தக் காலத்தைக் கணக்கில் கொள்ளாத கட்டடத்துக்கு நேர்வது என்ன? அதற்கு யார் பொறுப்பு? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரே கரை, வெவ்வேறு நிலம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்ம பல்லவன் காலத்தில் எழுப்பப்பட்டது. கருங்கற்களை அடுக்கிக் கட்டிய அக்கோயில் கடலோரப் பாறையின்மேல் நிற்கிறது. உப்புக்காற்றும் அலையும் 1300 ஆண்டுகளாக அதன் சிற்பங்களை அரித்து வந்துள்ளன. ஆயினும், காலடியில் உள்ள பாறை இளகவில்லை. பாறையின்மேல் ஏற்றிய சுமையை நிலம் அன்றே ஏற்றுக்கொள்கிறது.

அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் புதுப்பட்டினம் அமைந்துள்ளது. இப்பகுதியின் நிலம் ஒரு தன்மையதன்று. கடலை ஒட்டி மணல் விரிந்துள்ளது. சற்று உள்ளே, கடலுக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் செல்கின்றன. அவற்றுக்கும் மேற்கே ஏரிப்பாசனத்தில் விளைந்த நன்செய் வயல்கள். தெற்கே பாலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். நெய்தலின் மணலும் மருதத்தின் களியும் இங்கு அண்டை வீட்டாரைப்போல் அருகருகே இருக்கின்றன.

இதே கரையில்தான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்தது. முன்மாதிரி அதிவேக ஈனுலையின் கட்டுமானம் 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, அதன் அடித்தளத்துக்காக ஆழமாகத் தோண்டியிருந்த குழியில் புகுந்து நிறைந்தது. அணு உலை போன்ற ஒன்றைக் கட்டுவோர், நிலத்தைத் துளையிட்டு ஒவ்வோர் அடுக்கையும் ஆராய்ந்த பின்னரே அடித்தளத்தைத் தீர்மானிக்கின்றனர். அந்தக் கவனம் அணு உலைக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். கடற்கரைச் சாலை நெடுகிலும் நன்செய்களும் தாழ்நிலங்களும் சவுடு மண்ணால் நிரப்பப்பட்டு மனைகளாகின்றன. நிரப்பிய சில மாதங்களிலேயே அவற்றின்மேல் மாடி வீடுகளும் எழுகின்றன. இந்த அவசரம் குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பை ஆபத்துக்கு உள்ளாக்குகிறது. களிமண்ணின்மேல் கட்டலாம், ஆனால், களிமண் கேட்கும் காலத்தைக் கொடுக்காமல் கட்டக் கூடாது.

மண்ணுக்குள் நிகழ்வது

மண் என்பது துகள்களின் தொகுதி. துகள்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் உள்ளன. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மண்ணில் அத்துளைகள் நீரால் நிறைந்திருக்கும். இத்தகைய மண்ணின்மேல் சுமையை ஏற்றினால், தொடக்கத்தில் அச்சுமையைத் தாங்குவது துகள்கள் அல்ல. துளைகளில் அடைபட்ட நீரே அதைத் தாங்குகிறது. நீரைப் பிழிந்து சுருக்க இயலாது. எனவே, அழுத்தம் மிகுந்த நீர் வெளியேற வழி தேடுகிறது. அது வெளியேற வெளியேறச் சுமை சிறிது சிறிதாகத் துகள்களுக்கு மாறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, மண் இறுகுகிறது, நிலம் தாழ்கிறது. நீர் வெளியேறுவதால் மண் நெருங்கிக் கெட்டிப்படுவதை இறுகல் என்றும், அதனால் கட்டடம் கீழிறங்குவதை அமிழ்வு என்றும் கூறலாம்.

சாலை போடும்போது உருளை ஓட்டி மண்ணைக் கெட்டிப்படுத்துவதும் இறுகலும் ஒன்றே என்று கருதுவோர் உண்டு. உருளை வெளியேற்றுவது காற்றை. அது உடனடியாக நிகழ்வது. இறுகலில் வெளியேறுவது நீர்; அதற்குக் காலம் தேவை. மேற்பரப்பில் எத்தனை முறை உருளை ஓட்டினாலும், ஆறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் களிமண்ணின் நீர் அதனால் வெளியேறிவிடாது.

மணலில் துளைகள் பெரியவை. நீர் விரைந்து வெளியேறுவதால், கட்டடம் எழும்போதே அமிழ்வும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. மணலைவிட இலட்சக்கணக்கான மடங்கு மெதுவாகவே களிமண் நீரைக் கடத்தும். ஒரே தெருவில், ஒரே கொத்தனார், ஒரே வரைபடத்தைக் கொண்டு கட்டிய இரு வீடுகளுள் ஒன்று விரிசலின்றி நிற்பதற்கும் மற்றொன்று பிளப்பதற்கும் இவ்வேறுபாடு காரணமாகலாம்.

இந்நிகழ்வைக் கணித வடிவில் விளக்கியவர் கார்ல் டெர்சாகி. 1883இல் பிராகா நகரில் பிறந்த இவர், இஸ்தான்புல்லில் ஆசிரியராகப் பணியாற்றியபோது எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணை ஆராய்ந்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூல் மண் விசையியல் என்னும் துறைக்கு அடிக்கல் நாட்டியது. மண்ணின் வலிமையைத் தீர்மானிப்பது மொத்தச் சுமை அன்று. அதிலிருந்து நீர் தாங்கும் பங்கைக் கழித்தபின் துகள்கள் தாங்கும் பங்கே ஆகும் என்பது அவர் கண்ட அடிப்படை உண்மை.

தடிப்பும் காலமும்

டெர்சாகியின் கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் விதி ஒன்று, வீடு கட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. இறுகலுக்கு ஆகும் காலம், நீர் கடக்க வேண்டிய தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். களிமண் அடுக்கின் தடிப்பு இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தடிப்பு நான்கு மடங்கானால் காலம் பதினாறு மடங்காகும்.

ஆய்வகத்தில் களிமண்ணின் இறுகலை அளக்க, 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள வட்ட வில்லை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதன் மேலும் கீழும் நீர் வெளியேற நுண்துளைக் கற்களை வைத்து, சுமையை ஏற்றி, எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கின்றனர். அந்த வில்லை இறுகுவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதே களிமண் நிலத்தடியில் 4 மீட்டர் தடிப்பில், மேலும் கீழும் மணல் சூழ இருந்தால் எவ்வளவு காலம் ஆகும்? தடிப்பு 200 மடங்கு. ஆகவே, காலம் 40,000 மடங்கு. நாற்பதாயிரம் மணி நேரம் என்பது ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள். தடிப்பு 8 மீட்டராக இருந்தால் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மணி நேரம். அதாவது, 18 ஆண்டுகளுக்கும் மேல். ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் முடிந்த செயல், நிலத்தில் ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெறும் காலம்வரை நீள்கிறது.

நிரப்பும் மண்ணே பெருஞ்சுமை

வீட்டின் எடையால்தான் நிலம் இறங்குகிறது என்பது பொதுவான எண்ணம். தாழ்நிலத்தில் உண்மை வேறாக உள்ளது. ஒரு கன மீட்டர் நிரப்பு மண்ணின் எடை ஏறத்தாழ 1.8 டன். 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை சுமார் 223 சதுர மீட்டர். அதைச் சாலை மட்டத்துக்கு உயர்த்த 2 மீட்டர் மண் கொட்டினால், அம்மண்ணின் எடை மட்டும் ஏறத்தாழ 800 டன் ஆகிறது. அதன்மேல் எழும் நடுத்தரமான மாடி வீட்டின் எடை, பெரும்பாலும் இதில் பாதியைக்கூட எட்டாது. வீடு கட்டத் தொடங்கும் முன்பே பெருஞ்சுமை ஏற்றப்பட்டுவிட்டது. மண் கொட்டிய நாளிலிருந்து அடியில் உள்ள களி இறங்கத் தொடங்கிவிடுகிறது. உடனே கட்டப்படும் வீடு, இறங்கிக்கொண்டிருக்கும் நிலத்தின்மேல் தானும் ஏறிக்கொள்கிறது.

எல்லாப் பக்கமும் சமமாக இறங்கினால் பெரிய தீங்கில்லை. இந்தியத் தரநிலைகளே ஓரளவு அமிழ்வை ஏற்கின்றன. நெகிழ் களிமண்மேல் தனித்தனி அடித்தளங்களுடன் அமையும் கற்காரைக் கட்டடத்துக்கு 75 மில்லிமீட்டர் வரை அவை இடமளிக்கின்றன. ஒரு மூலை அதிகமாகவும் மறுமூலை குறைவாகவும் இறங்குவதே கேடு. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது. மூடித் திறந்த கதவு நிலையில் பிடித்துக்கொள்கிறது. வாசற்படி வீட்டைவிட்டு விலகுகிறது. கழிவுநீர்க் குழாய் இணைப்பில் உடைந்து, கசியும் நீர் அடித்தளத்தை மேலும் நனைக்கிறது. சிமெண்டுப் பூச்சு விரிசலை மறைக்கிறது. அடுத்த கோடையில் அதே இடத்தில் அது மீண்டும் வாய் திறக்கிறது. இருபது ஆண்டு வங்கிக் கடனில் கட்டிய வீடு, கடன் தீரும் முன்பே பழுது பார்க்கும் வீடாகிவிடுகிறது.

தெரியுமா?
இத்தாலியின் பைசா நகரச் சாய்ந்த கோபுரம் 1173இல் தொடங்கப்பட்டது. மூன்று தளங்கள் எழுந்த நிலையில் பணி நின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே மீண்டும் தொடர்ந்தது. அந்த இடைவெளியில் அடியிலிருந்த களிமண் இறுகி வலுப்பெற்றது. இடைவிடாது கட்டியிருந்தால் கோபுரம் அன்றே வீழ்ந்திருக்கும் என்பது வல்லுநர் கருத்து. 1990இல் மூடப்பட்ட கோபுரம், சாயாத பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாய்வு குறைக்கப்பட்டபின், 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஏரிக்கரை கற்பிக்கும் பாடம்

பைசாவில் தற்செயலாக வாய்த்த காத்திருப்பு, செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிக்கரைகளில் வழக்கமாகவே இருந்தது. மதுராந்தகம், உத்திரமேரூர் முதலிய பெரிய ஏரிகள் முதல் சிற்றூர்த் தாங்கல்கள் வரை, இப்பகுதியின் நீர்நிலைகள் பெரும்பாலும் மண்கரைகளால் ஆனவை. மண்கரை அடித்தளத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் சிறிது தாழும். அவ்வாறு தாழ்ந்த கரையின்மேல் வெள்ளம் வழிந்தால் கரை உடையும். எனவே, ஊரார் கூடி ஏரியின் வண்டலை அள்ளிக் கரையில் இட்டு உயர்த்தும் குடிமராமத்து முறை நிலைத்திருந்தது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. கரை கட்டியதோடு வேலை முடிந்தது என்று அக்காலத்தார் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று. இறங்கும் மண்ணோடு அவர்கள் ஆண்டுதோறும் கணக்குத் தீர்த்துக்கொண்டனர்.

ஆழம் காணவியலாத மணலின்மேல் கல்லணை நின்றது. அத்தகைய தளர்ந்த மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை இந்நாட்டு மக்களிடமிருந்தே ஆங்கிலப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டதாக, 1836இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் பின்னாளில் எழுதினார். நிரப்பிய மனையில் ஒரு மழைக்காலமாவது கழியட்டும் என்று மூத்த கொத்தனார்கள் இன்றும் சொல்வதுண்டு. அது மூடநம்பிக்கை அன்று; அனுபவம் கற்பித்த அறிவு. ஆனால், ஒரு மழைக்காலம் மேலே கொட்டிய மண்ணை அமர்த்தலாம். அடியில் உள்ள ஆழ்ந்த களிக்கு அது போதாது. அனுபவ அறிவோடு அளவீடும் சேர வேண்டிய இடம் இதுவே.

காத்திருப்பைக் குறைக்க வழியுண்டு

காத்திருக்க இயலாதவர்களுக்கு அறிவியல் வழிகாட்டுகிறது. நீர் கடக்கும் தொலைவைக் குறைத்தால் காலமும் குறையும். களிமண்ணுக்குள் நெருக்கமாகச் செங்குத்து வடிகால்களை இறக்கி, மேலே தற்காலிகமாக மண்மேடு ஏற்றி அழுத்தினால், நீர் பக்கவாட்டில் சிறிது தூரமே சென்று வடிகாலை அடைகிறது. ஆண்டுகள் மாதங்களாகச் சுருங்குகின்றன. நிலம் போதிய அளவு இறங்கியபின் மேட்டை அகற்றிவிட்டுக் கட்டலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையொட்டிக் கடலிலிருந்து மீட்ட நிலம் இவ்வாறே பதப்படுத்தப்பட்டது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஜப்பானில் கடல் நடுவே செயற்கைத் தீவு அமைத்து, 1994இல் கான்சாய் விமான நிலையம் திறக்கப்பட்டது. மேலடுக்குக் களியை மணல் வடிகால்கள் கொண்டு விரைந்து இறுக்கினர். அதற்கும் கீழே இருந்த ஆழமான களி தொடர்ந்து இறுகியது. தீவு மொத்தத்தில் 10 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. அங்குள்ள பொறியாளர்கள் இதை எதிர்பாராதவர்கள் அல்லர். முனையக் கட்டடத்தின் தூண்களைத் தூக்கிச் சமன்செய்ய, தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்திருந்தனர். தீவு இறங்கும் என்று அறிந்து கட்டியதால், நிலையம் இன்றும் இயங்குகிறது.

'பைல் எனப்படும் ஆழ்தூண்களை இறக்கிவிட்டால் கவலை இல்லையே' என்று சிலர் கேட்பர். ஆழ்தூண்கள் கட்டடத்தை உறுதியான அடுக்கில் நிறுத்தும் என்பது உண்மை. ஆயினும், சுற்றியுள்ள தரையை அவை நிறுத்துவதில்லை. மெக்சிகோ நகரில் நிலத்தடி நீரைப் பெருமளவில் உறிஞ்சியதால் களிமண் இறுகி, நகரமே தாழ்ந்தது. அங்கு 1910இல் எழுப்பிய விடுதலைத் தூண் நின்ற இடத்தில் நின்றது. சுற்றியிருந்த சாலை இறங்கியது. தூணை அடையப் பின்னர்ப் புதிய படிகள் கட்ட வேண்டியதாயிற்று. தாழ்நிலத்தில் எழும் வீட்டுக்கும் இதே நிலை நேரலாம். வீடு நிற்கும், வாசல், குழாய், சுற்றுச்சுவர், தெரு ஆகியன இறங்கும்.

சட்டத்தின் ஐந்து ஆண்டு

2016ஆம் ஆண்டின் நில மனை ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குவோர்க்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. கட்டடத்தை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் தம் செலவில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. சுவரின் குறை, பூச்சின் குறை, குழாயின் குறை ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு போதும். களிமண்ணுக்குப் போதுமா? மேலே கண்ட கணக்கின்படி, 8 மீட்டர் களி இறுகி முடிய 18 ஆண்டுகள் ஆகலாம். பொறுப்புக்காலம் முடியும்போது அமிழ்வின் ஒரு பகுதிதான் நிகழ்ந்திருக்கும். எஞ்சிய இறக்கமும் அதன் செலவும் வாங்கியவர் தலையில் விழுகின்றன. தாமே மனை வாங்கித் தாமே கட்டுவோரின் நிலை இன்னும் கடினமானது. விரிசல் தோன்றும்போது அவர்கள் கேள்வி கேட்க ஆளே இருப்பதில்லை.

ஆகவே, மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, விற்கப்படும் மனை முன்பு நன்செய்யா, தாங்கலா, கழியா என்பதும், எந்த ஆண்டில் எவ்வளவு ஆழத்துக்கு நிரப்பப்பட்டது என்பதும் கிரயப் பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும். நிலத்தின் உரிமைக்கு வில்லங்கச் சான்று பார்க்கும் சமூகம், நிலத்தின் வலிமைக்கும் ஒரு சான்று கேட்கலாம். இரண்டாவது, நிரப்பிய தாழ்நிலத்தில் கட்டப்படும் சிறு வீட்டுக்கும் மண் ஆய்வு கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, களிமண் தடித்துள்ள இடங்களில், கட்டுநரின் பொறுப்புக்காலம் மண்ணாய்வு அறிக்கை காட்டும் இறுகல் காலத்தை ஒட்டி நீட்டிக்கப்பட வேண்டும். பொறுப்பு நீளும் என்று தெரிந்தால், மண்ணைப் பதப்படுத்தாமல் விற்கும் வழக்கம் தானே குறையும்.

இவை வீட்டின் விலையை ஏற்றும், ஏழைகளின் வீட்டுக் கனவைத் தள்ளிப்போடும் என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. வாடகை கொடுத்துக்கொண்டே காத்திருப்பது எளிதன்று. எனினும், மண் ஆய்வுக்கு ஆகும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறு பங்கே. களி தடிப்பாக உள்ளது என்று முன்னரே அறிந்தவர், மனையை நிரப்பிவிட்டுப் பணம் சேரும்வரை அதைச் சும்மா விட்டுவைக்கலாம். அந்தக் காத்திருப்பே இலவச முன்சுமையாகும். கட்டியே ஆக வேண்டியவர், சுமையை மனை முழுவதும் பரப்பும் பாய் அடித்தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது, அந்த மனையையே வாங்காமல் விடலாம். அறியாமல் வாங்கியவருக்கு இவற்றுள் எந்த வழியும் எஞ்சுவதில்லை. விதிகளால் ஏழைகளுக்கு ஏற்படும் செலவைவிட, விரிசல் விழுந்த வீட்டால் ஏற்படும் செலவே பெரிது.

நிரப்பாமல் விட வேண்டிய நிலங்களும் உண்டு. கழிகளும் ஏரிகளும் வெள்ளநீரை வாங்கிக்கொள்ளும் இடங்கள். சென்னையின் தென்புறத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நெடுங்காலம் ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் சுருங்கியது. எஞ்சிய பகுதிக்கு 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது. அத்தகைய நிலத்தை நிரப்புவோர் நீருக்கும் இடமின்றிச் செய்கின்றனர். கட்டடத்துக்கும் உறுதியற்ற தரையையே அளிக்கின்றனர்.

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நகரம் தெற்கு நோக்கி விரிந்துகொண்டிருக்கிறது. புதுப்பட்டினம் போன்ற ஊர்களில் இன்னும் கட்டப்படாத மனைகள் உள்ளன. இன்னும் நிரப்பப்படாத வயல்களும் உள்ளன. அங்குக் கட்டப்போகும் தலைமுறை, மனையின் நீள அகலத்தோடு அதன் ஆழத்தையும் கேட்டறிய வேண்டும். 'இங்கே முன்பு என்ன இருந்தது? எப்போது நிரப்பினார்கள்? அடியில் களி எத்தனை மீட்டர்?' என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்தபின் முன்பணம் கொடுத்தால் போதும்.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் ஊரில் நீர்நிலையாகவோ வயலாகவோ இருந்து இன்று குடியிருப்பாக மாறிய பகுதி ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
2. 2 மீட்டர் தடிப்புள்ள களிமண் அடுக்கு இறுக ஓராண்டு ஆகிறது எனில், அதே தன்மையுள்ள 6 மீட்டர் அடுக்கு இறுக எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்கிட்டு விளக்குக.
3. 'நிரப்பிய நிலத்தில் சிறு வீட்டுக்கும் மண் ஆய்வு கட்டாயமாக வேண்டும்' என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.